அம்மாவின் பிதற்றல், தம்பியின் லித்தியம்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: 72 வயதாகும் என் தாயாருக்குப் பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு உண்டு. மூன்று வாரங்களுக்கு முன்பு அதற்காகப் புதிய மாத்திரை ஒன்றைச் சேர்த்தார்கள். கடந்த நான்கு நாள்களாக, மாலை விளக்கு வைக்கும் நேரம் ஆனால், இறந்துபோன என் தந்தை வாசலில் நிற்பதாகச் சொல்லி அழைக்கிறார், போர்வையைப் பிய்க்கிறார், என்னையே யாரென்று கேட்கிறார். காலையில் ஓரளவு தெளிவாகப் பேசுகிறார். பிறகு பகலெல்லாம் தூங்குகிறார். இது மறதிநோய் என்கிறார் அண்ணன். உறவினர்கள் மந்திரித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். எங்கே அழைத்துச் செல்வது, டாக்டர்?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாத நிலை இது என்பதால், கடிதத்தைப் படித்த அன்றே ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குத் தகவல் அனுப்பினேன். இதே நிலையில் வேறு பல வீடுகளும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மறதிநோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெல்ல மெல்ல வருவது. நான்கு நாள்களில் வருவதில்லை. திடீரென்று தொடங்கி, ஒரே நாளுக்குள் ஏறி இறங்கி, பொழுது சாய்ந்ததும் கூடுகிற இந்தக் குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்கிறோம். காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் பெரும்பாலும் இதைத்தான். இதில் முதலில் குலைவது கவனம். தமிழ் மாதங்களைப் பங்குனி, மாசி, தை என்று பின்னோக்கிச் சொல்லச் சொன்னால், நேற்றுவரை சுலபமாகச் சொல்லியிருக்கக்கூடியவர் இன்று இரண்டாவது பெயரிலேயே நின்றுவிடுவார்.

டெலிரியம் மூளையின் வழியாகத் தெரியவரும் உடல்நோய். உங்கள் தாயாரைப் பொறுத்தவரை என் முதல் சந்தேகம் அந்தப் புதிய மாத்திரையின் மீதுதான். ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் மாத்திரைகள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற, சிறுநீரைப் பிரிக்கும் மருந்துகள் சேர்ந்திருக்கும். அவை முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம். 135 முதல் 145 வரை இருக்கவேண்டிய அளவு வேகமாக இறங்கினால் குழப்பமும், மிகவும் இறங்கினால் வலிப்பும் வரும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சர்க்கரை இறக்கம், சிறுநீர் கட்டிக்கொள்வது, பல நாள் மலச்சிக்கல், சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கலாம். சில வாரங்களுக்கு முன் தலையில் அடிபட விழுந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆகவே செல்லவேண்டிய இடம் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அன்றே செல்லவேண்டும். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சோடியம் குறைவு என்று கேள்விப்பட்டவுடன் வீட்டில் உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அந்த அளவை மருத்துவமனையில், ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்து, மெதுவாகத்தான் ஏற்றவேண்டும். வேகமாக ஏற்றினால் மூளை பாதிக்கப்படும். இரவில் அவரைக் கட்டிப்போட வேண்டாம். சிறு விளக்கு எரியட்டும், மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கட்டும், பழகிய ஒருவர் அருகில் உட்கார்ந்து இன்ன நாள், இன்ன இடம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். காரணத்தைச் சரிசெய்த பிறகு சிலர் இரண்டு மூன்று நாள்களில் தெளிகிறார்கள், சிலருக்கு வாரங்கள் ஆகின்றன. ஆரம்பநிலை மறதிநோய் உள்ளவர்களுக்கு டெலிரியம் எளிதில் வருவதால், சில மாதங்கள் கழித்து நினைவாற்றலைச் சோதித்துக்கொள்வது நல்லது. அண்ணனின் கேள்விக்கு அப்போதுதான் விடை தெரியும்.

கேள்வி: 28 வயதான என் தம்பி பைபோலார் நோய்க்காக இரண்டு ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். திருமணப் பேச்சு தொடங்கியிருப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் மாமா. அண்மையில் அவனுக்குக் கை நடுக்கமும் வருகிறது.
- வாசகர், வேலூர்

பதில்: தம்பி நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்பதை மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பைபோலார் நோயில் மனச்சோர்வுடன் மாறி மாறி வரும் மனவெழுச்சியை லித்தியம் அடக்கும் என்பதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். இன்றும் இந்த நோய்க்கு, தற்கொலை ஆபத்தையும் குறைக்கக்கூடிய, இதற்கு நிகரான மருந்துகள் மிகச் சிலவே. திடீரென்று நிறுத்தினால் நோய் சில மாதங்களுக்குள், சிலருக்கு முன்னைவிடக் கடுமையாக, திரும்புகிறது.

ஆனால் நடுக்கத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் என்றால் அது வழக்கமான பக்கவிளைவு. கையே ஆடும் அளவுக்கு நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் என்றால் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறியிருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பயன்தரும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை, 1.5-ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது. இவ்வளவு குறுகிய இடைவெளி என்பதால்தான், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு பார்க்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்கிறோம். வேலூர் வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினாலும், திடீரென உப்பைக் குறைத்தாலும், மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டாலும் அளவு ஏறும். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

திருமணத்தைப் பற்றி என் கருத்து இது: பெண் வீட்டாரிடம், அதிலும் முக்கியமாக அந்தப் பெண்ணிடம், தம்பியே நேரில் சொல்லட்டும். மறைத்துச் செய்யும் திருமணத்தில் மாத்திரையை ஒளிந்து சாப்பிடவேண்டி வரும், விரைவில் அது நின்றும் போகும்.

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. எப்போதும் சோர்வு, அழுகை, எடையும் கூடுகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை தந்திருக்கிறார்கள். தைராய்டாக இருக்குமோ?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தைராய்டு சுரப்பி அழற்சியடைந்து, பின்னர் சுரப்பு குறைவது உண்டு. டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டிவிடும். ரத்தசோகைக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வும் தைராய்டு குறைவும் சேர்ந்தே இருக்கவும் கூடும் என்பதால், முடிவு எதுவானாலும் இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அவருடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.