வழுதி என்றால் வழுக்கையா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகிறது. அபூர்வமான தமிழ்ப் பெயராக இருக்கட்டும் என்று 'வழுதி' என வைக்க நினைத்தோம். என் அப்பா, 'குலசாமி அழகர் இருக்க வேறு பேரு எதுக்கு' என்கிறார். மாமியாரோ, 'பள்ளிக்கூடத்தில் பிள்ளையை வழுக்கை, வழுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள்' என்கிறார். இணையத்தில் ஒரு பட்டியல் 'ஒளிமயமானவன்' என்கிறது, இன்னொன்று 'வெற்றி பெற்றவன்' என்கிறது. உண்மையான பொருள் என்ன? எங்கிருந்து வந்த பெயர்? இப்போது நிறையப் பேர் வைக்கிறார்களா, பாப்புலரா? குடும்பப் படம் ஒன்றும் இணைத்துள்ளேன்.
- வாசகர், மேலூர்

பதில்: அபூர்வமான பெயர் வேண்டும் என்கிறீர்கள். அதே கடிதத்தில் பாப்புலரா என்றும் கேட்கிறீர்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் பொருள். வழுதி என்றால் பாண்டியன். தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினாலும் பழைய நிகண்டுகளைப் புரட்டினாலும் அதுதான் கிடைக்கும். மாறன், செழியன், தென்னவன், பஞ்சவன், கௌரியன், மீனவன், கைதவன் என்று பாண்டியர்களுக்கு வழங்கிய பெயர்களில் இதுவும் ஒன்று. ஒளிமயமானவன், வெற்றி பெற்றவன் எல்லாம் பட்டியல் போட்டவரின் கைச்சரக்கு. அந்தப் பட்டியல்களில் எந்தப் பெயருக்கும் சுமாரான பொருள் இருந்து நான் பார்த்ததில்லை. அத்தனை பிள்ளைகளும் அறிவாளி, அத்தனை பேரும் அழகன். கொஞ்சம் படித்தவர்கள், 'வழுத்து என்றால் போற்று, ஆகவே வழுதி என்றால் போற்றப்படுபவன்' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓசை ஒத்துப்போனால் போதும் என்றால் வழுதுணங்காயையும் உறவில் சேர்க்க வேண்டிவரும். வழுதுணங்காய் என்பது நம்ம கத்தரிக்காய். மாமியார் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயரை யார் யார் சுமந்தார்கள் என்று கேட்டிருந்தால் கடிதம் இன்னும் சுவையாக இருந்திருக்கும். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, புறநானூற்றில் பாடப்பட்ட பாண்டியர்களில் மிகப் பழையவர்களில் ஒருவன். பல நூறு ஆண்டுகள் கழித்து, 8ஆம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகன் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேடு, 'இந்த ஊரை முதலில் தானம் செய்தவன் முதுகுடுமிப் பெருவழுதி' என்று அவன் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தானத்தைப் புதுப்பிக்கிறது. அடுத்து உக்கிரப் பெருவழுதி. இன்றைய காளையார்கோவிலான கானப்பேரெயில் கோட்டையைப் பிடித்தவன். அந்தக் கோட்டையை இழந்தவன் அதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஐயூர் மூலங்கிழார் ஒரு உவமை சொல்கிறார்: காய்ச்சிய இரும்பு குடித்துவிட்ட தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமா? கொல்லன் பட்டறையில் பழுத்த இரும்பின் மேல் தண்ணீர் 'சுர்' என்று மறைவதைப் பார்த்தவருக்கு இதற்கு உரையே வேண்டாம். அகநானூற்றைத் தொகுப்பித்தவனும் இந்த உக்கிரப் பெருவழுதிதான். நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி. ஆக எட்டுத்தொகையில் இரண்டு நூல் நம் கைக்கு வந்ததில் வழுதிகளுக்குப் பங்கு உண்டு. 'பெருவழுதி' என்று தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்பிராமியில் பொறித்த சதுரச் செப்புக் காசுகளும் கிடைத்திருக்கின்றன.

'கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி' என்று ஒருவன் இருக்கிறான். தேவாமிர்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாத மனிதர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இன்னும் இருக்கிறது என்று புறநானூற்றில் பாடியவன். 'கடலுள் மாய்ந்த' என்ற அடைமொழி அவனுக்கு மட்டும்தான். பயப்பட வேண்டாம்.

அரசர் பெயரை நம்ம வீட்டுப் பிள்ளைக்கு வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே பாறையில் இருக்கிறது. மாங்குளம் மீனாட்சிபுரத்து ஓவாமலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளமும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. அங்குள்ள தமிழ்பிராமி எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். பிற்பாடு ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று காலம் கணித்தார். கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்கு, நெடுஞ்செழியனின் பணவன் கடலன் வழுதி என்பவர் இந்தப் படுக்கையை வெட்டிக் கொடுத்தார் என்கிறது ஒரு கல்வெட்டு. பணவன் என்றால் அதிகாரி. கவனித்தீர்களா, அரசன் பெயர் செழியன், அவனிடம் வேலை பார்த்தவர் பெயர் வழுதி. அந்தக் காலத்திலேயே அரண்மனைக்கு வெளியே புழங்கிய பெயர். பேரன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை இருந்தால், கல்லில் பெயர் வெட்டிய வழுதியே அரசாங்க உத்தியோகஸ்தர்தான் என்று சொல்லுங்கள். கல்லில் 'வழுத்திய்' என்று வெட்டியிருக்கிறது, அது வேறு விஷயம். எழுத்துப்பிழை என்று மனுக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கால எழுத்துமுறை அப்படி.

இனி அப்பாவின் கட்சி. அழகர்கோவில் இருக்கும் திருமாலிருஞ்சோலையைப் பாடுகிறது பரிபாடலின் 15ஆம் பாட்டு. பாடியவர் பெயர் இளம்பெருவழுதியார். அழகர் மலையைப் பாடிய புலவரின் பெயரைப் பேரனுக்கு வைப்பதில் அழகருக்கு ஆட்சேபம் இருக்க வாய்ப்பில்லை. அப்பாவுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன். 'நம்ம ஆட்களுக்கு ழ வராது, வளுதின்னுதான் கூப்பிடுவாங்க' என்று அடுத்த குண்டை யாராவது போடுவார்கள். வாஸ்தவம். மதுரையில் மழை மளையாகத்தான் பெய்கிறது, வாழைப்பழம் வாளப்பளமாகத்தான் விற்கிறது. ஆனால் அழகர் என்ற பெயரிலும் அதே ழ இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றில் இறங்குகிறவரை ஊரே 'அளகரு' என்கிறது. அவர் ஒரு வருடம்கூடக் கோபித்துக்கொண்டு வராமல் இருந்ததில்லை.

பாப்புலர் விஷயத்துக்கு வருவோம். பெரியார் பேருந்து நிலையத்தில் நின்று 'பாண்டி' என்று ஒரு குரல் கொடுங்கள், பத்துத் தலை திரும்பும். அதில் பாதி, அரசர்களை நினைத்து வைத்ததல்ல, மேலமடை பாண்டி முனீஸ்வரருக்கு நேர்ந்து வைத்தது. செழியன், மாறன் பரவியதற்குக் காரணம் வேறு. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், தியாகராஜசுந்தரம் முரசொலி மாறன் ஆனார். மேடையில் அந்தப் பெயர்கள் முழங்கின, கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். வழுதிக்கு அப்படிப் பேர்பெற்ற தலைவர் ஒருவர் வாய்க்கவில்லை. அது பின்தங்கிப்போனதற்கு என் கணக்கில் இதுதான் காரணம், ழகரம் இரண்டாம் பட்சம். இளவழுதி, பெருவழுதி என்று ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் சிலரைப் பார்த்திருக்கிறேன். தனி வழுதி அபூர்வம். நீங்கள் கேட்டதும் அதுதானே?

ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணம் கிடையாது, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. பதியும்போது வி, ஏ, இசட், எச், யூ, டி, எச், ஐ என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் தட்டச்சு செய்பவர் இசட் எச்சுக்குப் பதில் எல் போடுவார், ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று என்று பையன் இருபது வயதில் அலைவான். நியூமராலஜிக்காரரிடம் மட்டும் போக வேண்டாம். அவர் கணக்குப்படி இந்த எட்டு எழுத்தைக் கூட்டினால் 35, அதைக் கூட்டினால் 8. முகத்தைச் சுளித்துவிட்டு, கடைசியில் இன்னொரு ஐ சேர்த்து 9 ஆக்கிக் கொடுப்பார். அதற்கும் பணம் கேட்பார்.

மாமியாரின் வழுக்கைக் கவலை பாக்கி. நீங்கள் அனுப்பிய குடும்பப் படத்தைப் பார்த்தேன். இரண்டு தாத்தாக்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இருவர் தலையிலும் கேமராவின் வெளிச்சம் விழுந்து மின்னுகிறது. பின்னால் நிற்கும் நீங்களும் நெற்றியை மறைக்க முடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வாரியிருக்கிறீர்கள். அழகர் என்று வைத்தாலும் அது வரும்.