எண்ணெய்க்கு முன் தண்ணீர்: இடியன் துவக்கின் குழலைக் கறளிலிருந்து காத்தல்

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: “அனுமதிப்பத்திரம் உள்ள பழைய இடியன் துவக்கு ஒன்று எங்களிடம் இருக்கிறது. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடித்து, தட்டினால் தீப்பொறி தரும் சிறு கேப்பு வைத்துச் சுடுவது, குழலுக்குள் வரி வெட்டிய ரைபிள். சுட்ட அன்றே துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசி உறையில் வைத்தேன். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் உள்ளே செங்கறள். எண்ணெய் பூசியும் ஏன்?”

எண்ணெய்க்கு அடியில் உப்பு இருந்ததுதான் காரணம். இத்துவக்கில் இடும் கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாக மாறுவதில்லை, பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகளான திடப்பொருளாகிறது. அவற்றில் பொட்டாசியம் கார்பனேற்று காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கசியும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. பழைய வகைக் கேப்பானால் அதிலுள்ள குளோரேட்டு, சமையலுப்பின் இனத்தைச் சேர்ந்த பொட்டாசியம் குளோரைட்டையும் விட்டுச்செல்லும். இந்த உப்புகள் எதுவும் எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. தண்ணீரில் மட்டுமே கரையும். கழுவாமல் எண்ணெய் பூசினால் உப்பையும் ஈரத்தையும் இரும்போடு சேர்த்து மூடிவைத்ததாகிவிடும். வரிகளின் மூலைகளில் கரி தங்குவதால் ரைபிள் குழலில் கறள் அங்கேதான் முதலில் தொடங்கும்.

கையை வைக்கும் முன் துவக்கு வெறுமையா என்று பாருங்கள். கேப்பைப் பொருத்தும் துளையுள்ள சிறு முனையான நிப்பிளில் கேப்பு இருக்கக்கூடாது. இடிகம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுங்கள். அதைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தால் நுனி நிப்பிளுக்கு நேராக வரவேண்டும். சில சென்றிமீற்றர் முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். அந்த நிலையில் எதையும் கழற்றாமல் துவக்குத் திருத்துநரிடம் கொடுங்கள். இதைச் சோதிக்கும்போது முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகவே வேண்டாம்.

சுட்ட அன்றே கழுவுங்கள். மறுநாள் வரை விடுவது இந்த ஊரில் தாமதம். அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் என்ற கணக்குப் போதும். கொதிநீர் வேண்டாம். அது விரைவில் காயும் என்பது உண்மை, ஆனால் சூடான இரும்பில் கண்முன்னே மெல்லிய செங்கறள் படர்ந்துவிடும். கரையோரக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் அதையும் தவிர்த்துக் குழாய்த் தண்ணீரையே எடுங்கள்.

குழல் அதன் அடியிலுள்ள கொக்கியால் மாட்டிக் கழற்றக்கூடியதாக இருந்தால் மரக் கட்டையிலிருந்து எடுத்து, நிப்பிளை அதற்குரிய சாவியால் கழற்றி, அடிப்பகுதியை வாளியில் ஒரு சாண் ஆழத்துக்கு அமிழ்த்துங்கள். கம்பி முனையில் ஐந்து சென்றிமீற்றர் சதுரப் பருத்தித் துணியைப் பொருத்தி மேலும் கீழும் இழுத்தால் நிப்பிள் துளைவழியே தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஏறி இறங்கும். மருந்தறையின் ஒடுங்கிய வழியும் அப்போதுதான் சுத்தமாகும். பழைய வேட்டித் துணி நல்லது. பொலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது. தண்ணீர் கறுப்பானால் மாற்றி, தெளிவாக வரும்வரை தொடருங்கள். கடைசியாகச் சவர்க்காரமில்லாத தண்ணீரில் ஒருமுறை.

குழல் பட்டைகளால் கட்டையோடு இறுக்கப்பட்டிருந்தால், உள்ளூர் இடியன்களில் பல அப்படித்தான், பிடுங்கப் போகாதீர்கள். ஒரு மென்மரக் குச்சியால் நிப்பிள் துளையை அடைத்து, குழல்வாயைச் சுற்றித் துணி கட்டி, சவர்க்காரத் தண்ணீரை உள்ளே ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு வெளியே சரியுங்கள். நான்கைந்து முறை செய்யவேண்டியிருக்கும். தண்ணீர் கட்டைக்கும் குழலுக்கும் இடையே இறங்கினால் வெளியே தெரியாமல் குழலின் அடிப்புறம் அரிக்கும். குழலின் பின் அடைப்பைக் கழற்றுவதும் வீட்டு வேலையல்ல. புரி தேய்ந்தால் அடுத்த வெடியில் அது பின்னால் பறக்கும்.

பித்தளைப் பிரஷ் பயன்படுத்தினால் அடியில் சிக்கக்கூடும், ஏனெனில் அதன் மயிர்கள் அங்கே திரும்ப இடமில்லை. பலமாக இழுக்காமல் வலஞ்சுழியாகத் திருகிக்கொண்டே இழுத்தால் கம்பியின் புரியும் கழலாது, பிரஷும் வெளியே வரும்.

உலர் துணி காய்ந்தே வரும்வரை துடைத்தபின் ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியை ஒருமுறை விடுங்கள். மறைந்த ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். டபிள்யூடி-40யும் ஈரத்தை விரட்டும், ஆனால் நீண்டகாலக் காப்புக்கு அதை நம்பவேண்டாம். அதைத் துடைத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெய் அல்லது கறள்தடுப்பு எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறிப்போகும். தையல் மெஷின் எண்ணெய் நல்லதுதான், ஆனால் மிக நீர்த்தது. சில கிழமைகளில் வழிந்து இறங்கிவிடும். நிப்பிளின் புரியில் சிறிது கிறீஸ் தடவி மாட்டினால் அடுத்தமுறை இறுகாது.

மறுநாள் வெள்ளைத் துணியொன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். கபிலநிறம் வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது. மேலும் எண்ணெய் பூசுவதால் பயனில்லை, தண்ணீரிலிருந்தே மீண்டும் தொடங்கவேண்டும். ஒரு கிழமையிலும், பிறகு மாதம் ஒருமுறையும் பார்ப்பது போதும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்று உப்பையும் கொண்டுவருவதால் உறையில் வைப்பதை நிறுத்திவிடுங்கள். தோலும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூட்டிய அலுமாரியில், சிலிக்கா ஜெல் பையோடு, குழல்வாய் கீழ்நோக்கி நிற்கட்டும். அப்போது எண்ணெய் மருந்தறையிலும் கட்டையிலும் தேங்காது. குழல்வாயை அடைக்கவேண்டாம்.

இப்போதுள்ள செங்கறளுக்கு: மேற்பரப்புக் கறளானால் நாலு சைபர் (0000) எனப்படும் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு, பிரஷில் சுற்றி மெதுவாகத் தேய்த்தால் போகும். எலுமிச்சையும் வினாகிரியும் நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். தேய்த்தபின் குழிகள் தெரிந்தால், குறிப்பாக மருந்தறைக்கு அருகில், திருத்துநர் பார்க்கும்வரை சுடவேண்டாம்.

அடுத்தமுறை மருந்து இடும்முன் எண்ணெயை அற்ககோலால் முழுதாகத் துடைத்தெடுங்கள். கனிய எண்ணெய் கருமருந்தோடு எரிந்தால் தார்போல ஒட்டும். மருந்தறையில் தேங்கினால் மருந்தை நனைத்து வெடிக்காமலும் செய்யும். வெறுங்குழலில் ஒரு கேப்பை மட்டும் வைத்து, புல் இதழொன்றுக்கு அருகே குழல்வாயைப் பிடித்து அடியுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது.