எம்.சி.பி. விழுந்தால் எம்.சி.பி.யை மாற்றாதீர்கள்

கே: மாடியில் புதிதாக ஏ.சி. மாட்டினோம். பாத்ரூமில் இருக்கும் 3000 வாட் கீசரும் அதே லைன்தான். காலையில் இரண்டும் சேர்ந்து ஓடினால் கொஞ்ச நேரத்தில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. வந்து பார்த்த எலக்ட்ரீசியன், "32 போட்டுட்டா விழவே விழாதும்மா" என்கிறார். போடலாமா? (வாசகி, கும்பகோணம்)

போடவே கூடாது அம்மா. அவர் சொல்வது உண்மைதான், விழாது. ஆனால் ஒயர் வெந்துபோகும்.

கணக்குப் பார்ப்போம். 230 வோல்ட்டில் உங்கள் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஏழு, எட்டு ஆம்பியர். ஆக 20, 21 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி. பழுதில்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது. அது காப்பது ஏ.சி.யையோ கீசரையோ இல்லை, சுவருக்குள் பைப்பில் கிடக்கும் ஒயரை. அந்த லைனில் 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர்தான் இருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி வரைதான். அதற்கு மேல் போனால் உறை இளகி, கறுத்து, பொரிந்து உதிரும். 32 ஆம்பியர் எம்.சி.பி. 46 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை பொறுத்திருக்கலாம், தரநிர்ணயமே அப்படித்தான். அந்த ஒரு மணி நேரம் ஒயர் என்ன பாடுபடும்?

என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் ஒரு பழைய எம்.சி.பி.யை ரிவெட் எடுத்துத் திறந்து காட்டுவேன். உள்ளே இரண்டு காவல் உண்டு. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு பட்டை. லோடு அதிகமானால் அது சூடாகி மெல்ல வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். இன்னொன்று செம்புக் கம்பிச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனதும் காந்தமாகி, கண்ணிமைக்கும் முன் இழுத்துவிடும். ‘C16’ என்று அச்சிட்டிருந்தால் 80 முதல் 160 ஆம்பியருக்குள் இந்தச் சுருள் வேலை செய்தாக வேண்டும். பக்கத்தில் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள், பிரியும்போது வரும் நெருப்புப் பொறியைத் துண்டு துண்டாக்கி அணைக்கும். இரண்டு காவலையும் ஒன்றாக்கி 1924இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை வாங்கியது.

அதனால் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். போட்ட உடனே ‘டப்’ என்று விழுந்தால் ஷார்ட், திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். ஓடி ஓடி விழுந்தால் ஓவர்லோடு. லோடு குறைவாக இருந்தும் விழுந்தால், எலக்ட்ரீசியனை விட்டு ஸ்க்ரூவைப் பார்க்கச் சொல்லுங்கள். லூஸாக இருந்தால் அந்தச் சூடே எம்.சி.பி.யைத் தள்ளிவிடும். ஒயர் நுழையும் இடம் பழுப்பேறியிருக்கும்.

உங்களுக்குத் தீர்வு, கீசருக்கு டி.பி. பாக்ஸிலிருந்து (எம்.சி.பி.கள் அடுக்கியிருக்கும் பெட்டி) தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். லைன், அதற்குத் தனி 20 ஆம்பியர் எம்.சி.பி. அதுவரை குளித்து முடித்த பிறகு ஏ.சி. போடுங்கள்.

கே: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. பீங்கான் ஃப்யூஸ்தான். ஃப்யூஸ் போனால் ஒயரிலிருந்து நாலு இழை உருவி முறுக்கிக் கட்டுகிறார் மாமா. சரியா? (வாசகர், தென்காசி)

தவறு. வழக்கமான ஃப்ளெக்ஸ் ஒயரின் ஓர் இழையே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், 5 ஆம்பியர் ஃப்யூஸுக்குப் போதும். நாலு இழை முறுக்கினால் லைட் லைனுக்குக் காவலே இல்லை. கடையில் ஈயம் பூசிய ஃப்யூஸ் ஒயர் என்றே கேட்டு வாங்குங்கள். லைட்டுக்கு 0.2, 15 ஆம்பியர் பிளக்குக்கு 0.5 மில்லிமீட்டர். அப்படிக் கட்டினாலும் இந்த ஃப்யூஸ், அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் போனால்தான் உருகும்.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. அந்தக் காலத்து போர்டுகளில் நியூட்ரலிலும், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரிலும், ஃப்யூஸ் வைத்திருப்பார்கள். அது மட்டும் போனால் ஃபேன் நிற்கும், லைட் அணையும், ஆனால் பேஸ், அதாவது கரண்ட் வரும் ஒயர், அப்படியே உயிரோடு நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைத்தால் உயிர் போகும். மெயினை ஆஃப் செய்யாமல் ஃப்யூஸ் கட்டையைத் தொடாதீர்கள். மாமாவிடம் சொல்லி அந்த நியூட்ரல் ஃப்யூஸை முதலில் எடுத்துவிட்டு நியூட்ரலை நேராக இணைக்க வையுங்கள், லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து.

கே: வாஷிங் மெஷினில் என் மகனுக்கு ஷாக் அடித்தது. எம்.சி.பி. ஏன் விழவில்லை? (வாசகி, மதுரை)

உடம்பு வழியே பாய்வது பெரும்பாலும் 200 மில்லி ஆம்பியருக்குள்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது, ஆளைக் கொல்ல அது போதும். இதற்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற காவல் சுவிட்ச். அது, பேஸில் போகும் கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், குறைந்தால் உடனே துண்டிக்கும். எம்.சி.பி.க்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து மாட்ட வேண்டும். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவரை மெஷினைத் தொட வேண்டாம். மாட்டிய பின் மாதம் ஒருமுறை ‘T’ பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.