பள்ளி நூலகத்துக்குக் கம்பெனி நிதி: பீரோவுக்குக் கேட்காதீர்கள், ஆளுக்குக் கேளுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தளி, கெலமங்கலம் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். 2020-இல் பதிவு செய்தது. நண்பர்கள் தரும் பணத்தில் 14 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வாசிப்பு மூலை வைத்திருக்கிறோம். ஓசூரில் உள்ள ஒரு கம்பெனியின் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "சி.எஸ்.ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் செய்யலாம், புரோபோசல் கொடுங்கள்" என்றார். ஊழியர்களிடம் பழைய புத்தகம் திரட்டித் தருவார்களாம், பள்ளிக்கு ஒரு இரும்பு பீரோ வாங்கித் தருவார்களாம், அதில் கம்பெனி பெயர் இருக்க வேண்டுமாம். எங்களிடம் 12ஏ (அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்? எவ்வளவு கேட்கலாம்?

பதில்: கம்பெனி தானாகத் தேடி வந்திருக்கிறது. இது அடிக்கடி நடப்பதில்லை. அதனாலேயே, கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பீரோவோடு கதை முடிந்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து அந்தப் பள்ளிகளில் பீரோ இருக்கும், வாசிப்பு இருக்காது.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் அறையில் பச்சை நிற பீரோ, கதவில் கம்பெனியின் பெயர். சாவி தலைமை ஆசிரியரின் கைப்பையில், அவரோ வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்தில். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனபோது திறந்து காட்டினார். பாதிப் புத்தகங்களுக்கு மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டு கையாலும் தூக்க முடியாத ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். "இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாச்சு சார். ஒன்று தொலைந்தாலும் ஆடிட்டில் நான்தான் பதில் சொல்லணும்" என்றார். தொலைந்தால் யார் பொறுப்பு என்று கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது, அவர் பூட்டி வைத்தார்.

உங்கள் புரோபோசல் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்கு முன், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, தன் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எதற்குச் செலவிடலாம் என்பது அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. கல்வியை வளர்ப்பது அதில் உண்டு, பொது நூலகம் அமைப்பதும் உண்டு. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஓசூர் ஆலைக்குத் தளிப் பள்ளிகள் அந்த வகையில் பொருத்தமான இடம். ஆகவே நீங்கள் கைநீட்டி நிற்கவில்லை. அவர்கள் செலவிட்டே ஆக வேண்டிய பணத்துக்கு ஒரு நல்ல வழி காட்டுகிறீர்கள். அந்த நிமிர்வு உங்கள் பேச்சில் இருக்கட்டும்.

சரி, காகிதங்கள். 12ஏ, 80ஜி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவற்றின் காலாவதித் தேதியை மட்டும் இன்றே எடுத்துப் பாருங்கள். இப்போதெல்லாம் அவை குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான், புதுப்பிக்காவிட்டால் போய்விடும். உங்களிடம் இல்லாதது சி.எஸ்.ஆர்-1 பதிவு. 2021 ஏப்ரல் 1 முதல், சி.எஸ்.ஆர் பணத்தை வாங்கிச் செலவிடும் அறக்கட்டளை எதுவாக இருந்தாலும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இந்தப் படிவத்தைத் தாக்கல் செய்து பதிவு எண் வாங்க வேண்டும். தொழில்முறை ஆடிட்டரோ, கம்பெனி செக்ரட்டரியோ, காஸ்ட் அக்கவுண்டன்ட்டோ டிஜிட்டல் முறையில் சான்றளிக்க வேண்டும். எண் இல்லாமல் கம்பெனி உங்களுக்குப் பணம் தர முடியாது. இதோடு, இதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். 2020-இலிருந்து நீங்கள் இதைத்தான் செய்கிறீர்கள், அதனால் கவலை இல்லை. ஆனால் அனுபவம் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும்: தணிக்கை செய்த கணக்குகள், ஆண்டறிக்கை, பள்ளிகளின் கடிதங்கள்.

பள்ளிப் பக்கமும் அனுமதி வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும், மாவட்டக் கல்வித் துறையின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் கையில் இருந்தால், தலைமை ஆசிரியர் மாறினாலும் வேலை நிற்காது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் சி.எஸ்.ஆர் உதவிக்கென்றே தமிழக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. சில கம்பெனிகள் அதன் வழியாகவே தர விரும்பும். முதல் கூட்டத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பழைய புத்தகங்கள். ஊழியர்கள் மனமுவந்து தருகிறார்கள், அந்த மனதைப் புண்படுத்த வேண்டாம். ஆனால் அப்படி வரும் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். போட்டித் தேர்வு கைடு, பழைய இன்ஜினீயரிங் பாடப் புத்தகம், பாதி நிரப்பிய பயிற்சி ஏடு, நடுவே ஒன்றிரண்டு நல்ல கதைப் புத்தகம். தரம் பிரிக்கும் வேலை முழுதும் உங்கள் தலையில் விழும். இதில் கம்பெனிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொருளாகத் தருவதற்கு விலை போட்டு சி.எஸ்.ஆர் செலவாகக் காட்ட முடியாது என்று அமைச்சகமே 2021-இல் விளக்கம் கொடுத்திருக்கிறது. ஊழியர்கள் தரும் நேரத்துக்கும் அப்படித்தான். இதை அந்த அதிகாரியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். "புத்தகப் பட்டியல் நாங்கள் தருகிறோம், அதற்குப் பணம் கொடுங்கள். உங்கள் ஊழியர்கள் மாதம் ஒருநாள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கட்டும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பட்டியலைப் பொறுத்தவரை உங்கள் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தளிப் பக்கம் நிறைய வீடுகளில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டும்போது, வீட்டு மொழியில் ஒரு படக்கதை கைக்குக் கிடைத்தால் அதன் முகம் மாறுவதைப் பார்க்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கதைகள் இருக்கின்றன. அங்குள்ள திறந்த உரிமக் கதைகளைப் பெயர் குறிப்பிட்டு நீங்களே அச்சடித்துக்கொள்ளலாம். நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்களிடம் மலிவு விலையில் நல்ல புத்தகங்கள் கிடைக்கும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வந்தவை. அவை பள்ளியில் ஏற்கெனவே இருந்தால் அதே படிநிலையில் உங்கள் புத்தகங்களையும் அடுக்குங்கள். ஆசிரியர்களுக்கு அது பழகிய முறை.

அப்புறம் பணம். எவ்வளவு கேட்கலாம் என்று கேட்டீர்கள். ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், விலைகளை உங்கள் ஊர்ப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு 60 பிள்ளைகள் என்று வைப்போம். பிள்ளைக்கு 5 புத்தகம், சராசரி 60 ரூபாய். பள்ளிக்கு 18,000, பதினான்கு பள்ளிக்கு 2.52 லட்சம். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் கதவில்லாத மர அடுக்கு, பள்ளிக்கு 6,000 என்றால் 84,000. அந்தந்த ஊரிலிருந்தே மூன்று பெண்கள் நூலக வழிகாட்டிகளாக, மாதம் 10,000 சம்பளத்தில். ஆளுக்கு நான்கைந்து பள்ளி, வாரம் ஒருநாள் ஒரு பள்ளி. இது ஆண்டுக்கு 3.60 லட்சம். பயிற்சியும் பயணமும் 60,000. கணக்கு எழுதவும் தணிக்கைக்கும் 40,000. முதல் ஆண்டு மொத்தம் 7.96 லட்சம். அடுத்த ஆண்டுகளில் அடுக்குச் செலவு இல்லை, புத்தகத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புதுப்பிக்க 50,400 போதும். ஆக ஆண்டுக்கு 5.10 லட்சம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 18.17 லட்சம். 840 பிள்ளைகளுக்குப் பிரித்தால், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 720 ரூபாய் அளவில் வரும். சம்பள உயர்வை இதில் சேர்க்கவில்லை, நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய தொகை சம்பளம். கம்பெனி அங்கேதான் கைவைக்கும். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாதே" என்பார்கள். இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போங்கள். அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர் பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்பில் வராது என்று விதியிலேயே இருக்கிறது. உங்கள் வழிகாட்டியின் சம்பளம் திட்டச் செலவு. தயங்காமல் கேளுங்கள். ஆளைக் குறைத்துப் புத்தகத்தைக் கூட்டலாம் என்று சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பதினான்கு பள்ளியை எட்டாகக் குறைப்பேனே தவிர ஆளை விட மாட்டேன்.

ஒரு ஆண்டுத் திட்டமாக எழுதாதீர்கள். 'தொடர் திட்டம்' என்ற வகை விதிகளில் இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை நீளலாம். அந்த ஆண்டில் செலவாகாத தொகையைக் கம்பெனி தனிக் கணக்கில் ஒதுக்கி, பிறகு இதே திட்டத்துக்குத் தரலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் கடைசி விதியே நூலகம் வளரும் உயிர் என்பதுதான். ஒரே தடவை கொட்டிவிட்டுப் போகும் பணத்தில் அது வளராது.

தொலையும் புத்தகத்துக்கு வருகிறேன். இதை மறைக்காமல் புரோபோசலில் ஒரு பத்தியாகவே எழுதுங்கள்: "ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு புத்தகம் கிழியும், தொலையும். அது திட்டச் செலவு. பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ அபராதம் வாங்க மாட்டோம்." இன்னொரு வழியும் உண்டு. சி.எஸ்.ஆர் பணத்தில் உண்டாகும் சொத்து கம்பெனி பெயரில் இருக்கக்கூடாது. பதிவு எண் பெற்ற அறக்கட்டளையிடமோ, பயனாளிகளிடமோ, அரசு அமைப்பிடமோதான் இருக்க வேண்டும். ஆகவே புத்தகங்களை உங்கள் அறக்கட்டளையின் இருப்பிலேயே வைத்துக்கொண்டு, பள்ளிக்கு இரவலாகக் கொடுங்கள். தலைமை ஆசிரியரின் பதிவேட்டில் ஏறாது. அவருக்கும் பயம் போகும், பூட்டும் போகும். நான் பார்த்தவரை இந்த ஒரு மாற்றம்தான் அதிகப் பலன் தந்தது.

இரவல் ஏட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே யானைக் கதையைப் பதினோரு தடவை எடுத்திருந்தாள், பதினோரு வரியும் அவள் கையெழுத்தில். முதல் வரியில் பெயரே கோணலாக இருந்தது, கடைசி வரியில் தேதியோடு அழகாக இருந்தது. புத்தகத்தின் பின்னட்டை போய், சாக்கு தைக்கும் நூலால் யாரோ தைத்திருந்தார்கள். அவள் பாட்டியாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, பெயரை மறைத்து அனுப்பினோம். அடுத்த தவணைக்குக் கம்பெனி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது, ஒருமுறைகூட எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர், இந்த இரண்டு எண்களையும் தவறாமல் கொடுத்தால் அறிக்கைக்குப் போதும். எடுக்காத பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள், உங்கள் அடுத்த வேலை அங்கேதான் இருக்கிறது.

கம்பெனி பெயர்? புத்தகத்தின் உள்அட்டையில் சின்ன ஒட்டி, பள்ளியில் ஒரு பலகை, இதுவரை போகலாம். தங்கள் பொருளை விளம்பரப்படுத்தும் நோக்கில் தரும் ஸ்பான்சர்ஷிப்பைச் சட்டமே சி.எஸ்.ஆராக ஏற்பதில்லை. பிள்ளைகளின் சட்டையில் லோகோ, பொருளோடு நிற்கவைத்து போட்டோ என்று வந்தால் மறுத்துவிடுங்கள். போட்டோ எதுவானாலும் பெற்றோரின் சம்மதம் முதலில்.

பணம் வந்தபின் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கொடுத்த பணம் சொன்னபடி செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்று தர வேண்டியிருப்பதால், பில்லும் பயன்பாட்டுச் சான்றிதழும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அது நம்பிக்கையில்லாமல் கேட்பது அல்ல. வெளிநாட்டிலுள்ள தாய்க் கம்பெனி நேரடியாக அனுப்பும் பணம் என்றால் மட்டும் எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் தொடாதீர்கள்.

காலமும் முக்கியம். ஆண்டுச் செயல்திட்டம் நிதியாண்டை ஒட்டி முடிவாகும், அதனால் டிசம்பர், ஜனவரியிலேயே புரோபோசல் அவர்கள் மேசையில் இருக்கட்டும். மார்ச் கடைசி வாரத்தில் "பணம் மீதி இருக்கிறது, முப்பத்தொன்றாம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள்" என்று அழைப்பு வந்தால், அந்தப் பணத்தில் கைக்குக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாங்கிப் போடாதீர்கள். நீங்கள் முன்பே தேர்ந்தெடுத்து வைத்த பட்டியல் ஒன்று எப்போதும் தயாராக இருந்தால் அந்த அழைப்பையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்துக்கு நாலு பக்கப் புரோபோசல் போதும். கூடவே ஒரு பள்ளியின் இரவல் ஏட்டையும், நன்றாகக் கசங்கிய இரண்டு புத்தகத்தையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் கூட்டத்தையே பள்ளியில் வையுங்கள், வாசிப்பு வேளை நடக்கும் நாளாகப் பார்த்து.