கல்லூரி பேஸ்பாலில் மின்னியவர் படிப்பிலும் மின்ன முடியுமா?

முடியும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்கரான மோ பெர்க்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நவீன மொழிகள் படித்து, 1923இல் உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் போதாதென்று சமஸ்கிருதமும் கற்றார். அதே ஆண்டு அவர்தான் கல்லூரி அணியின் தலைவர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஆட்டக்காரர் ஓடிச் சேர வேண்டிய இடங்கள்) இடையே காவல் நிற்கும் ஷார்ட்ஸ்டாப். அந்தப் பருவத்தில் பிரின்ஸ்டன் தொடர்ந்து 18 ஆட்டங்களை வென்றது. எதிரணிக்காரர் இரண்டாம் பேஸை எட்டிவிட்டால், பெர்க்கும் பக்கத்தில் நிற்கும் தோழரும் லத்தீனில் பேசித் திட்டம் போடுவார்களாம். யேல், ஹார்வர்டு மாணவர்களிடம் இது எப்படிப் பலித்ததோ! அவர்களும் லத்தீன் படித்தவர்கள்தானே.

பட்டம் பெற்ற கையோடு புரூக்ளினின் தொழில்முறை பேஸ்பால் அணியில் சேர்ந்தார். முதல் சம்பளம் பாரிஸுக்குப் போய் சோர்போன் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவியது. பிறகு சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1930இல் அதையும் முடித்தார்.

தொழில்முறை ஆட்டத்தில் அவர் நட்சத்திரம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 15 பருவங்கள், பெரும்பாலும் மாற்றுக் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). மட்டைச் சராசரி வெறும் .243, அதாவது நான்கு வாய்ப்புகளில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகவே வெற்றிகரமாக அடித்தார். பல மொழி தெரியும், எந்த மொழியிலும் பந்தை அடிக்கத் தெரியாது என்று சக வீரர்களே கேலி செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர் அமெரிக்க உளவாளியானதற்கு அந்த மொழிகளும் ஒரு காரணம். ஆனால் அது தனிக் கதை.