கொடை சத்தமும் காதுல வைக்கிற ஃபோமும்

கேள்வி: வயசு 31, திருநெல்வேலி பக்கம் கிராமம். சின்ன வயசுலயே சத்தம்னா காது கூசும். போன வருஷம் கோயில் கொடையில (எங்க ஊர் அம்மன் கோயில் திருவிழா மாதிரி) ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன், அதுல இருந்து எவர்சில்வர் தட்டு விழுந்தாக்கூட காதுக்குள்ள குத்துது. அத்தை பஞ்சு வைக்கச் சொன்னாங்க, பத்தல. இப்ப ஃபோம் இயர்பிளக் வாங்கி வீட்லயும் பஸ்லயும்கூட போட்டுக்கறேன். சரியா டாக்டர்?

பதில்: கொடையில போடுங்க, வீட்ல கழட்டுங்க. அவ்ளோதான் விஷயம், ஆனா ஏன்னு சொல்லணும்ல.

சத்தத்தை டெசிபல்ங்கிற அலகுல அளப்பாங்க, 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் காது தாங்கும்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியா குறைஞ்சுகிட்டே வரும், அப்படியே போட்டுப் பாத்தா 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான் வருது, பெரிய பாக்ஸ் முன்னாடி 100 எல்லாம் சாதாரணம், நீங்க ரெண்டு மணி நேரம் நின்னுருக்கீங்க. உள்காதுல சத்தத்தை உணர்ற முடி செல்லுங்க செத்தா திரும்ப முளைக்காது. பஞ்சுல 5, 7 டெசிபல் குறைஞ்சாலே பெருசு, அத்தைகிட்ட பக்குவமா சொல்லிருங்க.

ஃபோம் நல்லதுதான், ஆனா பாதிப் பேர் அதை காது வாசல்லயே செருகிட்டு வேலை செய்யலன்றாங்க. விளக்குத் திரி மாதிரி ஒல்லியா உருட்டுங்க, வலது காதுக்குன்னா இடது கையை தலைக்கு மேல கொண்டு வந்து மடலை மேலயும் பின்னாடியும் இழுத்துப் பிடிங்க, ஓட்டை நேராகும், உள்ள விட்டு ஒரு 30 செகண்ட் விரலை எடுக்காதீங்க, அது உப்பி அடைக்கணும். அப்புறம் பேசிப் பாத்தா உங்க குரலே குடத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்கும், அப்படின்னா சரியா உக்காந்துருச்சு. கவர்ல 30 டெசிபல்னு போட்டிருப்பான், நடைமுறையில அதுல பாதி கிடைச்சா சந்தோஷப்படுங்க. பாட்டு தெளிவா கேக்கணும்னா மியூசிஷியன்ஸ் போடற ஃபில்டர் வச்ச பிளக் இருக்கு, எல்லா சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவுல குறைக்கும், ஃபோம் மாதிரி கம்பளி போர்த்துன சத்தமா இருக்காது. எதைப் போட்டாலும் பாக்ஸை விட்டு தள்ளி நில்லுங்க, நடுநடுவுல வெளியே வந்துருங்க.

இப்ப வீட்டு விஷயம். நாள் பூரா அடைச்சு வச்சா மூளை, என்னடா சத்தமே வரலன்னு வால்யூமைக் கூட்டி வச்சுக்கும், நீங்க கழட்டுற அன்னைக்கு தட்டு விழுந்தா இன்னும் ஜாஸ்தி குத்தும். ஒரேடியா விட வேண்டாம், தினமும் கொஞ்ச நேரம் கொறைங்க, அந்த நேரம் ஃபேன் ஓடட்டும், ரேடியோவ மெதுவா வைங்க. மிக்ஸி போடற ரெண்டு நிமிஷம் வச்சுக்கலாம், தப்பில்ல. ரோட்ல நடக்கும்போது வேண்டவே வேண்டாம், ஹார்ன் கேக்கணும்.

காதுல சீழ் வந்தா, ஜவ்வுல ஓட்டை இருந்தா பிளக் வைக்கக் கூடாது. எண்ணெய காய்ச்சி ஊத்துறதும் வேணாம் (யாராவது சொல்லியிருப்பாங்கன்னு தெரியும்). வருஷம் ஆச்சுங்கறதால இஎன்டி டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டி ஆடியோகிராம் (காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கிற டெஸ்ட்) எடுத்துருங்க, ஒற்றைத் தலைவலி இருந்தா அதையும் சொல்லுங்க, அதுக்கும் சத்தம் ஆகாது. எப்பவாவது ஒரு காது மட்டும் திடீர்னு அடைச்ச மாதிரி கேக்காம போச்சுன்னா அன்னைக்கோ மறுநாளோ ஓடிருங்க, அதுக்கு ஸ்டீராய்டு சீக்கிரம் குடுத்தாத்தான் பலன், கொடை முடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க.