எச்-இண்டெக்ஸ் 3தான் இருக்கிறது, ஏஜெண்டுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: அரசுக் கல்லூரியில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர் நான். பல வருடக் கள ஆய்வில் நடுகல், தாழி, கல்வெட்டு என்று எழுதியதெல்லாம் பெரும்பாலும் தமிழில், 'ஆவணம்' இதழிலும் கருத்தரங்க மலர்களிலும் வந்தவை. கூகுள் ஸ்காலர் எச்-இண்டெக்ஸ் 3 என்கிறது. பதவி உயர்வுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இடம்பெற்ற இதழில் கட்டுரை போட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொன்னதை நம்பி முன்பணமும் கட்டிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் அந்த 3. உங்கள் கட்டுரைகளில் மூன்றை, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் தன் துறை ஆட்களை அளப்பதற்காகப் போட்ட கணக்கு அது. ஒருவர் உயிரைக் கொடுத்து ஓர் அகழாய்வு அறிக்கை எழுதி, அதை இருநூறு பேர் மேற்கோள் காட்டி, அவருடைய மற்றக் கட்டுரைகளை இரண்டிரண்டு பேர் மட்டும் காட்டியிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 2. உங்களைவிடக் குறைவு! தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியது 1945, அறிக்கை 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வந்தது 1946. பின்னால் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டி அவர் சொன்னதைத் திருத்தியும் ஆயிற்று, ஆனாலும் இன்றைக்கு அரிக்கமேடு பற்றி எழுதுகிறவர் அந்த அறிக்கையைத் தொடாமல் போக முடியாது. எங்கள் துறையில் மேற்கோள் இப்படி நிதானமாகத்தான் வரும். இதை வேதியியல்காரர் எண்ணோடு ஒரே படிவத்தில் நிரப்பச் சொல்கிறார்கள், கேட்டால் விதி அப்படி என்கிறார்கள்.

ஸ்கோப்பஸில் உங்கள் எண் இன்னும் குறைவாக இருக்கும். பதற வேண்டாம், இந்த மாதிரித் தமிழ்க் கருத்தரங்க மலர்கள் பெரும்பாலும் அதன் கண்ணில் படுவதில்லை.

இப்போது ஏஜெண்ட் விஷயம். "ஸ்கோப்பஸ் கேரண்டி" என்று எவன் சொன்னாலும் அது மூன்றில் ஒன்று: காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும், சில மாதத்தில் ஸ்கோப்பஸே பட்டியலிலிருந்து தூக்கிவிடும் இதழ், நிஜ இதழின் பெயரிலும் அதன் ஐஎஸ்எஸ்என் (இதழ் அடையாள) எண்ணிலும் நடத்தும் போலி இணையதளம், அல்லது யாரோ எழுதிய கட்டுரையில் மூன்றாவது, நான்காவது ஆசிரியராக உங்கள் பெயரைச் செருகும் வியாபாரம். ஸ்கோப்பஸின் இதழ்ப் பட்டியலைப் பணம் கட்டாமலே பார்க்கலாம், ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், எந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதோடு நிற்காமல் இதழை நடத்தும் சங்கத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்லும் எண்ணை, "இம்பாக்ட் ஃபாக்டர் 7" என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், அசல் எண்ணைத் தருவது கிளாரிவேட் நிறுவனம் மட்டும்தான், மற்றதெல்லாம் கடைச்சரக்கு. இந்தக் கூட்டத்தை ஒழிக்கத்தான் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் தரமான இதழ்களுக்கான கேர் பட்டியலைக் கொண்டுவந்தது. 2025இல் அதையும் கைவிட்டு, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரிகளிடம் தள்ளிவிட்டது. ஏஜெண்டுகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மேற்கோள் நிதானமாகத்தான் வரும் என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஏஜெண்ட் அதைத்தான் உதாரணம் காட்டுவான். சென்னைக்கு அருகே கற்காலக் கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் பற்றித் தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினரின் கட்டுரை 2011இல் 'சயின்ஸ்' இதழிலும், 2018இல் 'நேச்சர்' இதழிலும் வந்தது. இரண்டையும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். தொல்லியல்காரருக்கும் ஒரே கட்டுரையில் பெயர் வரும், உண்மைதான். ஆனால் அங்கே அகழாய்வு தொடங்கியது 1999இல். மண்ணடுக்கு, காந்தவியல், ஒளிக்காலக்கணிப்பு என்று இந்திய, வெளிநாட்டு ஆய்வகங்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்த பிறகுதான் அங்குள்ள கல் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்ற எண்ணை அவர்களால் எழுத முடிந்தது. பல பேர் சேர்ந்து எழுதுவதும் அங்கே நியாயம், ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். ஏஜெண்ட் விற்கும் நான்காவது இடத்தில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

செலவில்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண் எடுங்கள், இலவசம். பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்: நம்மவர்கள் ஒரு கட்டுரையில் முன்னெழுத்தை முன்னால் போடுவார்கள், அடுத்ததில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரை விரித்தே எழுதுவார்கள், கணினிக்கு அது மூன்று ஆள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேர்வதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் பெயருள்ள பல் மருத்துவரின் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறும். பழைய தமிழ்க் கட்டுரைகளை இதழாசிரியரின் அனுமதியோடு, ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் சேர்த்து ஸெனோடோ என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ கிடைக்கும். விண்ணப்பத்தோடு ஒரு பக்கம் தனியாக இணையுங்கள்: எந்தக் கட்டுரையை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று.

முன்பணம் திரும்ப வராது, அதை மறந்துவிடுங்கள். ஆனால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே எழுத்தில் அனுப்பி, ஒப்புதலை வாங்கி வையுங்கள். ஏஜெண்டின் இதழில் ஒருமுறை ஏறிவிட்டால் அதே கட்டுரையை 'மேன் அண்ட் என்விரான்மென்ட்', 'புராதத்வ' போன்ற நல்ல தொல்லியல் இதழ்களுக்கு அனுப்ப முடியாது.